அலுங்காத தண்ணீர்

தீர்த்தகிரி நடந்தால் குடத்துத் தண்ணீருக்கே தெரியாது என்று ஓமலூர்ப் பக்கம் சொல்வார்கள். அது வெறும் புகழ்ச்சி அல்ல. பங்குனியில் அவனுடைய ஊர் மாரியம்மனுக்குக் காவிரித் தண்ணீரால் அபிஷேகம் நடக்கும். பூலாம்பட்டித் துறையில் குடங்களை முக்கி, காவடித் தண்டின் இரு முனையிலும் கட்டித் தோளில் ஏற்றினால், கோயில் வாசலுக்கு வந்துதான் இறக்க வேண்டும். நடுவழியில் தரையில் வைக்கக் கூடாது. களைத்துப் போனால் தோள் மாற்றிக்கொள்ளலாம். சிந்தினால் அந்த வருஷம் மழை பொய்க்கும் என்று பேச்சு. மற்றவர்கள் குடத்து வாயில் தேங்காயைச் செருகித் துணி போட்டுக் கட்டிக்கொண்டு வருவார்கள். தீர்த்தகிரியின் குடங்கள் திறந்தபடியே வரும். முழங்காலைச் சற்று மடக்கி, பாதத்தை உருட்டி உருட்டி வைத்து, இடுப்புக்குக் கீழே மட்டும் நடக்கும் நடை அது. துறையில் மிதக்கவிட்ட சாமந்திப்பூ கோயிலில் இறக்கும்போதும் நடுக்குடத்தில் நிற்கும்.

அந்த நடையைத் தவிர அவனுக்கு வேறு சொத்து இல்லை. நிலம் இல்லை, மாடு இல்லை. சுமைக் கூலி. மனைவி ராசாத்தி சங்ககிரிப் பக்கத்துப் பெண். அவளுடைய வாய்க்குப் பயந்துதான் தண்ணீர் அலுங்காமல் கிடக்கிறது என்று ஊரில் ஒரு கேலி உண்டு. ராசாத்தியும் அதை மறுத்ததில்லை.

"நான் ஒரு அதட்டுப் போட்டா காவேரியே நிக்கும். இந்தக் குடமெல்லாம் எம்மாத்திரம்?" என்பாள்.

அந்த வாயில்தான் இருமல் வந்து உட்கார்ந்தது. முதலில் மாலைக் காய்ச்சல். பிறகு சளியில் சிவப்பு. அஸ்தம்பட்டியில் இருந்த ஒரு டாக்டர் அவள் முதுகில் காதுக்குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, தீர்த்தகிரியை மட்டும் வெளியே அழைத்தார்.

"சயரோகம். இதுக்குன்னு மருந்து கிடையாது. வசதி இருக்கிறவங்க மதனப்பள்ளி ஆஸ்பத்திரிக்குப் போறாங்க. நீ எங்கே போவே?"

"எங்கீங்க போறது?"

டாக்டர் ஜன்னலைக் காட்டினார். சேர்வராயன் மலை நீலமாக நின்றது. "அதோ நிக்குது பார். இந்தச் சூட்டுலயும் புழுதியிலயும் அவ தாங்க மாட்டா. மேலே குளிர்ந்த காத்துல வெச்சிருந்தா நாலஞ்சு வருஷம் ஓட்டலாம். சில பேர் நல்லாவே ஆயிருக்காங்க."

அன்றிலிருந்து தீர்த்தகிரிக்கு ஒரே குறி. ராசாத்தியை மலைமேல் குடிவைக்க வேண்டும். ஊரைக் காலி செய்துகொண்டு குப்பனூர் அடிவாரத்துக்கு வந்தான். அங்கிருந்து காப்பித் தோட்டங்களுக்கு ஒற்றையடிப் பாதை ஏறியது. மோட்டார் போகும் ரோடு மலையின் மறுபக்கம். இந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்கு அரிசியும் உப்பும் மண்ணெண்ணெயும் மனிதத் தோளில்தான் போயின. தீர்த்தகிரி தினமும் ஏறினான், தினமும் இறங்கினான். ஆனால் தங்க இடம் கிடைக்கவில்லை. தோட்டத்துக் குடிசைவரிசைகள் எஸ்டேட் ஆட்களுக்கு மட்டும். அப்படியே இடம் இருந்தாலும், இருமுகிறவளை வைத்துக்கொள்ள எந்த வரிசையும் சம்மதிக்கவில்லை. சௌந்திரம் என்ற கங்காணி மனைவி முகத்துக்கு நேராகவே சொன்னாள்: "உம் பொண்டாட்டி மேல பரிதாபந்தான் சாமி. எம் புள்ளைங்க மேலயும் பரிதாபம் இருக்குதல்லோ?"

அவன் அடுத்த தோட்டத்துக்கு ஏறினான்.

மார்கழி கழிந்ததும் ஒரு வழி திறந்தது. மலை உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு தோட்டத்துத் துரை, பாறைகளுக்கு நடுவே ஓடிய ஓடையை மறித்து ஏரி கட்டியிருந்தார். வெள்ளைப்பாறை ஏரி என்று அதற்குப் பேர் வந்துவிட்டது. அதில் தன் தேசத்து மீனை வளர்க்க அவருக்கு ஆசை. டிரவுட் என்று அதற்குப் பெயராம். நீலகிரி ஓடைகளில் ஏற்கெனவே வளர்த்துவிட்டார்களாம். அங்கிருந்து குஞ்சுகள் ரயிலில் சேலம் ஜங்ஷனுக்கு வரும். அடிவாரம் வரை மாட்டுவண்டி. அதற்குமேல் காவடி.

எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் சுவாமிநாதன் சுமையாட்களைக் கூட்டி வைத்துப் பேசினார். கடைசியில் தீர்த்தகிரியை மட்டும் தனியே நிறுத்தினார்.

"ஏரிக்குக் காவல் போடப் போறார் துரை. நீர்நாய், நாரை, திருட்டுத் தூண்டில் எதுவும் அண்டக் கூடாது. கரையிலேயே கல்வீடு ஒண்ணு கட்டியாச்சு. அக்கம்பக்கம் யாரும் கிடையாது. பொண்டாட்டியோட இருந்துக்கலாம்."

"அவளுக்கு இருமல் இருக்குதுங்களே."

"மீனுக்கு இருமல் ஒட்டாது. யாரோட டின்னுல மீன் நல்லா வந்து சேருதோ அவனுக்குத்தான் காவல் வேலைன்னு துரை சொல்லிட்டார். உன்னைப் பத்தி நான் ஏற்கெனவே சொல்லி வெச்சிருக்கேன். ஒரு சொட்டு சிந்தக் கூடாது, தெரிஞ்சுதா?"

தீர்த்தகிரிக்குச் சிரிப்பு வந்தது. சிந்தாமல் கொண்டுபோக அவனுக்குச் சொல்லித்தர வேண்டுமா?

குடிசைக்கு வந்து சொன்னபோது ராசாத்தி நம்பவில்லை.

"மழ பேஞ்சா மலையிலிருந்து மீனு கீழ வரும், பாத்திருக்கறேன். மீனைத் தூக்கிட்டு மனுசன் மலை ஏறுறதை இப்பத்தானுங்க கேக்கறேன்."

"வெள்ளக்கார மீனாக்கும். குளுரு இருந்தாத்தான் பொழைக்குமாம்."

"என்னையாட்டம்" என்றாள். சிரிக்கத் தொடங்கியது இருமலில் போய் முடிந்தது. மூச்சு வந்ததும், "கல்வூடா? ஓலை இல்லையே? மழைக்கு ஒழுகாதே?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டாள். கேட்டுவிட்டுத் தன் இரண்டு புடவைகளையும் கொடியிலிருந்து எடுத்து மடித்து வைத்தாள்.

தை மாதத்து ஒரு விடிகாலையில் வண்டி வந்து சேர்ந்தது. துளை போட்ட மூடியுள்ள தகர டின்கள்; சுற்றிலும் ஈரச் சாக்கு. கூடவே மீன் இலாகாவிலிருந்து சரவணமுத்து என்பவர் வந்திருந்தார். அவருக்குக் குளிர்காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தது. கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டே ஒவ்வொரு மூடியாகத் திறந்து காட்டினார். விரல் நீளக் குஞ்சுகள், முதுகெல்லாம் புள்ளி. தண்ணீருக்குள் கிழிந்த வெயில் மாதிரி ஓடின. சில மட்டும் வயிற்றைக் காட்டி மிதந்தன. அவற்றை அள்ளி வெளியே எறிந்தார்.

"பாதி ஆளு நான் செத்துட்டேன். இதுங்களாவது பொழைக்கட்டும்" என்றார். "கவனமாக் கேளுங்கப்பா. வெயில் படக் கூடாது. சாக்கு காயக் கூடாது. அப்புறம் தண்ணி அலம்பிக்கிட்டே இருக்கணும். ரயிலும் வண்டியும் ஆட்டிக்கிட்டே வந்ததாலதான் இதுங்களுக்கு உசுரு இருக்குது. எங்க நின்னாலும் டின்னை ஆட்டுங்க, மொண்டு மொண்டு ஊத்துங்க."

சொல்லிவிட்டு வைக்கோலில் சாய்ந்துகொண்டார். மலை ஏறும் தெம்பு அவருக்கு இல்லை.

தீர்த்தகிரி அதைக் கேட்டான்தான். ஆனால் அவன் கண் வெளியே எறிந்து கிடந்த குஞ்சுகள் மேலேயே இருந்தது. ரயிலும் வண்டியும் போட்டுக் குலுக்கியதில்தானே இவை செத்தன? மனுஷனே வண்டியில் வந்தால் இடுப்பு விட்டுப்போகிறது. இந்த விரல் நீள உயிர் எப்படித் தாங்கும்? காய்ச்சல்காரர் ஏதோ உளறுகிறார். சிந்தாதே என்று ரைட்டர் சொன்னார். அலுங்காதே என்று மாரியாத்தா சொல்லியிருக்கிறாள். இவர் சொல்வதை மட்டும் அவனால் ஏற்க முடியவில்லை.

இன்னொரு காவடி கருப்பண்ணனுடையது. அவனுக்கு இடதுகால் குட்டை. சின்ன வயதில் இன்னொருவன் மரத்தில் கள் இறக்கப்போய் விழுந்ததில் வந்தது என்று அவனே பெருமையாகச் சொல்லுவான். ஒவ்வொரு அடிக்கும் தோள் ஒருபக்கம் சாய்ந்து எழும். மூன்றாவது காவடி ரங்கனுடையது. அவன் நல்ல பலசாலி, ஆனால் அவசரக்காரன்.

"மாப்ளே, உன்ர பக்கத்துல நான் வரக் கூடாதுடா" என்றான் கருப்பண்ணன். "நீ தேர் போற மாதிரி போவே. நான் தேர்ச் சக்கரம் கழண்ட மாதிரி வருவேன். துரை பாத்தா எனக்குக் கூலியில பாதிதான் குடுப்பாரு."

"அப்ப பின்னால வா."

"பின்னாலதான் வாரேன். கல்வூட்டுக்காரர் முன்னால போங்க சாமி!"

பாதை முதலில் மூங்கில் புதருக்குள் ஏறியது. தீர்த்தகிரியின் டின்களுக்குள்ளிருந்து சின்னச் சின்னதாகச் சத்தம் வந்தது. குஞ்சுகள் தகரத்தில் முட்டும் சத்தம். யாரோ நகத்தால் தட்டுவது போல. அவன் நடையை இன்னும் மென்மையாக்கினான். கல் படியில் குதிகால் படாமல் விரலால் ஏறினான். வளைவுகளில் உடம்பைத் திருப்பாமல் தண்டை மட்டும் திருப்பினான். அவ்வளவு நன்றாக அவன் என்றும் நடந்ததில்லை. கோயில் குடத்தில் மழை மட்டும்தான் இருந்தது. இதில் ராசாத்தி இருந்தாள்.

பாதி மலையில் ஒரு சுமைதாங்கிக் கல். பக்கத்தில் ஓடை. ரங்கனும் கருப்பண்ணனும் காவடியை இறக்கினார்கள். ரங்கன் டின்னைப் பிடித்து உலுக்கினான். கருப்பண்ணன் மூடியைத் திறந்து கொட்டாங்கச்சியால் தண்ணீரை மொண்டு உயரத் தூக்கி ஊற்றினான். அவனுக்கு அது விளையாட்டாகப் போய்விட்டது. மேலெல்லாம் நனைந்து நின்றான். பாதி சிந்தியது. ஓடைத் தண்ணீரை எடுத்து நிரப்பிக்கொண்டான்.

தீர்த்தகிரி இறக்கவில்லை. நின்றபடியே தோள் மாற்றினான்.

"இறக்குடா, யாரு கேக்கப் போறா?" என்றான் ரங்கன்.

"ஏத்துனா எறக்கற எடத்துலதான் எறக்கோணும்."

"இது மாரியாத்தா தண்ணி இல்லடா, மீன் தண்ணி."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

கருப்பண்ணன் நனைந்த முகத்தைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்து, தீர்த்தகிரியின் டின்னில் காதை வைத்தான்.

"என்ன மாப்ளே, என்ர மீனுங்க கூத்தாடுது. உன்ர மீனுங்க தியானத்துல இருக்குது. ஒரு சத்தமும் இல்ல?"

தீர்த்தகிரியும் அப்போதுதான் கவனித்தான். தட்டும் சத்தம் நின்றிருந்தது. அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

"தூங்கிருச்சு" என்றான்.

மூடியைத் திறந்து பார்க்க அவன் ஒப்பவில்லை. தூங்கும் பிள்ளையின் போர்வையை விலக்கிப் பார்ப்பார்களா? ஓடைத் தண்ணீரால் சாக்கை மட்டும் நனைத்துக்கொண்டு நடந்தான். மீதி மலை முழுவதும் அவன் டின்கள் மௌனமாகவே வந்தன. கல்வீட்டில் அடுப்பை எந்த மூலையில் வைப்பது என்று யோசித்துக்கொண்டே ஏறினான். புகை அவளுக்கு ஆகாது. அடுப்பு வெளியேதான்.

ஏரிக்கரையில் துரையும் அவர் மனைவியும் நின்றிருந்தார்கள். சுவாமிநாதன் குடை பிடித்திருந்தார். தண்ணீர் கறுத்துக் குளிர்ந்து கிடந்தது. பாறைகள் அதற்குள் தலைகீழாக நின்றன. கரையில் கல்வீடு இருந்தது. ஓட்டுக்கூரை. தீர்த்தகிரி அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, காவடியை இறக்கினான். ஒரு சொட்டு சிந்தியிருக்கவில்லை. சுவாமிநாதன் துரையிடம் அதைத்தான் சொன்னார் போலிருக்கிறது; துரை தலையசைத்தார்.

அவன் டின்னைத்தான் முதலில் திறந்தார்கள்.

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அதன்மேல் குஞ்சுகள் எல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டி, ஒன்றோடு ஒன்று ஒட்டி, கொஞ்சமும் நகராமல் மிதந்தன. இரண்டாவது டின்னும் அப்படியே. துரையின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். துரை குனிந்து ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கோபப்படவில்லை. அதைத் தண்ணீரிலேயே போட்டுவிட்டு அடுத்த காவடிக்கு நகர்ந்தார்.

ரங்கனுடையதில் கொஞ்சம் உயிரோடிருந்தன. கருப்பண்ணனுடைய மூடியைத் திறந்ததும் ஒரு குஞ்சு துள்ளிப் புல்லில் விழுந்தது. அவன், "ஐயோ சாமி!" என்று பாய்ந்து பிடித்தான். துரை அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார்.

வேலை யாருக்கு என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இறங்கும்போது தீர்த்தகிரியின் டின்கள் காலியாக ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வந்தன. அடிவாரத்தில் சரவணமுத்து வண்டிக்குள்ளேயே படுத்திருந்தார். விஷயத்தைக் கேட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"தண்ணிக்குள்ளயும் காத்து வேணுமப்பா. அலம்பினாத்தான் காத்து உள்ள எறங்கும். சும்மா கெடந்த தண்ணியில இருந்த மூச்சையெல்லாம் இழுத்து முடிச்சிட்டு அதுங்க செத்துப்போச்சு. நான் சொன்னேனே?"

"சொன்னீங்க" என்றான் தீர்த்தகிரி.

ராசாத்தி வாசலிலேயே நின்றாள். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். ஆனாலும் கேட்டாள்.

"எல்லாமா?"

"எல்லாந்தான்."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் திட்டவில்லை. உள்ளே போய், மடித்து வைத்திருந்த புடவைகளைக் கொடியில் திரும்பப் போட்டாள். 

இரண்டாவது தப்பை இதற்குப் பிறகுதான் செய்தான். மாசியில் கருப்பண்ணன் கீழே வந்தான். காக்கிச் சட்டை, தலையில் துண்டு. கைநிறைய மலை ஆரஞ்சு.

"துரைகிட்ட ரைட்டர் மூலமாச் சொல்லிப் பாத்தேன் மாப்ளே. ஆளை மாத்திக்கலாம், எனக்கு அங்க கள்ளுக்கடையும் இல்ல கழுதையும் இல்லைன்னு. நொண்டிதான் வேணுங்கறாரு. என்ர காலு ராசியாமாம். அதனால என்ன? ராசாத்தியைக் கூட்டியா. நீங்க உள்ள படுங்க, நான் வெளியில படுத்துக்கறேன். ஒண்டிக்கட்டைக்கு எதுக்கு அத்தனை பெரிய ஊடு?"

ராசாத்தி கணவன் முகத்தையே பார்த்தாள். தீர்த்தகிரி தரையைப் பார்த்தான்.

"பாக்கலாம்" என்றான்.

"என்னத்தைப் பாக்கறது?"

"பாக்கலாம்னா பாக்கலாம்!"

அவன் நடைதான் மீனைக் கொன்றது என்று சிரித்த ஊரையெல்லாம் அவன் மறந்துவிடுவான். நொண்டிக் கருப்பண்ணன் தயவில் அந்தக் கல்வீட்டு வாசலில் கால்வைப்பதை நினைத்தால்தான் உடம்பு எரிந்தது. தன் கையால் ஒரு குடிசை போட்டுக்கொள்ள எந்தத் தோட்டத்திலாவது இடம் கேட்டு அலைந்தான். பங்குனி போயிற்று. அந்த வருஷம் ஊர்க்காரர்கள் தீர்த்தக் காவடிக்கு ஆள் அனுப்பினார்கள். உடம்புக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டான். சித்திரை வெயில் அடிவாரத்தை வறுத்தது. காற்றே இல்லை. ராசாத்தி கயிற்றுக் கட்டிலில் பழந்துணி மாதிரி ஒட்டிக் கிடந்தாள். ஒரு காலை அவள் இருமிய துணியை அலசப்போனவன், ஓடைத் தண்ணீர் கலங்கிச் சிவந்ததைப் பார்த்து, துணியை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"கெளம்பு. கருப்பண்ணன் ஊட்டுக்குப் போலாம்."

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்?" என்றாள் ராசாத்தி. குரல் உதட்டோடு நின்றது.

மேலே போகிற ஆளிடம் கருப்பண்ணனுக்குச் சொல்லியனுப்பினான். ஒரு பலகையில் கயிறு கோத்து, முதுகில் கட்டி, அவளை அதில் உட்கார வைத்தான். அவள் முகம் அவன் பிடரிக்குப் பின்னால் இருந்தது. எழுந்தபோது திடுக்கிட்டான். காலி டின் அளவுகூடக் கனம் இல்லை.

பழக்கம் காலில்தான் இருக்கிறது. முழங்கால் தானாக மடங்கியது. பாதம் தானாக உருண்டது. மூங்கில் புதர் தாண்டுவதற்குள் ராசாத்தி அசையாமல் ஆகிவிட்டாள். முனகல் இல்லை. இருமல் இல்லை. பிடரியில் பட்டுக்கொண்டிருந்த மூச்சும் தெரியவில்லை.

எந்த இடத்தில் குஞ்சுகளின் தட்டல் நின்றதோ, கிட்டத்தட்ட அந்த இடம்.

தீர்த்தகிரி நின்றான். பிறகு தோளை ஓங்கி ஒரு குலுக்குக் குலுக்கினான்.

"ஆ! ஏனுங்க, மனுசனாட்டம் நடங்க!" என்றாள் ராசாத்தி. "கண்ணு அசந்தேன், அதுக்குள்ள மூட்டையாட்டம் ஒதறறீங்க."

அவனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "தூங்காத புள்ள. பேசிட்டே வா."

"என்னத்தைப் பேசறது?"

"திட்டு."

"அதுக்கு மலை பத்தாதுங்களே."

திட்டினாள். எட்டு ஊருக்குக் கேட்கும் பழைய குரல் இல்லை. காதோரம் மட்டும் கேட்கிற குரல். கல்யாணத்தில் அவன் வீட்டார் போட்ட சோற்றில் கல் கிடந்ததிலிருந்து தொடங்கினாள். சங்ககிரிச் சந்தையில் அவளை விட்டுவிட்டு மாடு பார்க்கப் போனதைச் சொன்னாள். "மாடு வாங்க வக்கில்லாதவன் எதுக்கு மாட்டுக்குப் பல்லுப் புடிச்சுப் பாக்கோணும்?" மாசியில் கருப்பண்ணன் வந்து கூப்பிட்டதைச் சொன்னாள். அதைச் சொல்லும்போது மட்டும் திட்டாக வரவில்லை. "அன்னிக்கே வந்திருக்கலாமுங்க" என்றாள். அவன் காலை வேண்டுமென்றே கல்லில் இடித்து இடித்து வைத்தான். இப்படியும் அப்படியும் சாய்ந்தான். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் முனகினாள். அவள் முனகுகிறவரை அவனுக்குப் போதும்.

சுமைதாங்கியில் கருப்பண்ணன் காத்திருந்தான். பார்த்ததும் முகம் மாறியது. உடனே சரிசெய்துகொண்டான்.

"வா தாயி, வா. உனக்காக ஊடு கூட்டிப் பெருக்கி வெச்சிருக்கறேன். என்ர சென்மத்துலயே மொதல் தடவை."

"மீனு... இருக்குதுங்களா?" என்றாள்.

"இருக்குதாவா? முழங்கை நீளம் ஆகப்போவுது. துரைங்க தடியும் கையுமா நடந்து நடந்து வந்து பாத்துட்டுப் போறாங்க. அவுங்க தூண்டில்ல புழு கெடையாது தாயி. கோழி எறகைக் கட்டி ஈன்னு மீனை ஏமாத்துவாங்களாம். புழு வாங்கக்கூட வக்கில்லாத துரைங்க!"

ராசாத்தி சிரித்தாள். சத்தம் வராத சிரிப்பு. தீர்த்தகிரியின் முதுகில் அது நடுக்கமாகத் தெரிந்தது.

"மாப்ளே, என்ர முதுகுக்கு மாத்து. என்ர நடைதான் உசுரு காக்குற நடை. கவர்மெண்டே சொல்லியாச்சு."

"நான் எறக்க மாட்டேன்" என்றான் தீர்த்தகிரி. "நீ பின்னால வா. அவகிட்டப் பேசிட்டே வா."

கருப்பண்ணன் பின்னால் வந்தான். பேசிக்கொண்டே வந்தான். நீர்நாய் ஒன்று தன் வேட்டியைத் தூக்கிக்கொண்டு போன கதை. ரைட்டர் சுவாமிநாதன் வழுக்கிக் குடையோடு ஏரியில் விழுந்த கதை. ராசாத்தி இடையிடையே ஊம் கொட்டினாள். கடைசி ஏற்றம் செங்குத்து. மரங்கள் தணிந்து, ஏரிப்பக்கத்துக் காற்று முதல்முறையாகச் சில்லென்று முகத்தில் பட்டது.

"வந்துட்டுது பாரு, காத்து" என்றான் தீர்த்தகிரி. "தெரியுதா?"

ஊம் வரவில்லை.

குலுக்கினான். பலமாகக் குலுக்கினான். கல்லில் காலை ஓங்கி வைத்தான். யாரும் திட்டவில்லை.

பின்னால் வந்த கருப்பண்ணன் அதற்குமுன்பே பார்த்திருந்தான். அவளுடைய கை அவன் கண்ணெதிரில்தான் கயிற்றிலிருந்து நழுவித் தொங்கியது. ஒரு கணம் நின்றான். பிறகு விந்தி விந்தி எட்டிப்பிடித்து, அந்தக் கையை எடுத்து மறுபடி கயிற்றுக்குள் செருகினான்.

"அப்புறம் கேளு தாயி" என்றான். தொண்டையைச் செருமிக்கொண்டான். "அந்தக் குடையை ஒரு மீனு புடிச்சுக்கிட்டுது. ரைட்டர் விடமாட்டேங்கறாரு, மீனும் விடமாட்டேங்குது..."

தீர்த்தகிரிக்குத் தெரிந்தது. தனக்குத் தெரியும் என்று கருப்பண்ணனுக்கும் தெரியும் என்பதும் தெரிந்தது. அவன் நிற்கவில்லை, இறக்கவில்லை. ஏரிக்கரை வரும்வரை ஒவ்வோர் அடிக்கும் உடம்பை உலுக்கிக்கொண்டே போனான். பின்னால் கருப்பண்ணன் செத்தவளுக்குச் சிரிப்புக்கதை சொல்லிக்கொண்டே வந்தான்.

கல்வீட்டு வாசலில் மண்டியிட்டு அவளை இறக்கினான். வாசல் உண்மையாகவே கூட்டிப் பெருக்கியிருந்தது.

அவளை ஏரிக்கு மேலே பாறை இடுக்கில் புதைத்தார்கள். துரையிடம் கேட்கவில்லை. சௌந்திரம் வந்து வாசல் ஓரமாக நின்று அழுதுவிட்டுப் போனாள். கருப்பண்ணன் அவனை அங்கேயே இருந்துவிடச் சொன்னான். தீர்த்தகிரி அடிவாரத்துக்குத் திரும்பிவிட்டான். அவன் மேலே தங்கி என்ன செய்வது? காற்று வேண்டியிருந்தது அவனுக்கு அல்ல.

அந்தப் புரட்டாசியில் மதுவிலக்கு வந்து, சேலம் ஜில்லாவில் கள்ளுக்கடைகளையெல்லாம் மூடினார்கள். தையில் திரும்பவும் மீன் வண்டி வந்தது. வெள்ளைப்பாறை ஏரியின் தண்ணீரில் அந்த மீன்கள் வளர்ந்தனவே தவிர முட்டை பொரிக்கவில்லை. அதனால் துரை குஞ்சுகளை வரவழைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. ஆள் குறைந்தபோது சுவாமிநாதன் தயங்கித் தயங்கித் தீர்த்தகிரியைப் பார்த்தார். அவன் தண்டை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டான்.

பாதையில் எதிரே வந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். காவடிக்காரன் ஒருவன் இடப்பக்கம் சாய்ந்து, வலப்பக்கம் சாய்ந்து, காலை எங்கெங்கோ வைத்து, தோளை உதறி, தண்ணீரைத் தலையிலும் முதுகிலும் வாரி இறைத்துக்கொண்டு ஏறி வந்தான். வாய் முணுமுணுத்தபடி இருந்தது. ஆரஞ்சுக்கூடை சுமந்து இறங்கிய பழனியம்மாள் என்பவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"கடையை மூடி மூணு மாசம் ஆச்சு. இந்த மனுசனுக்கு மட்டும் எங்கிருந்துதான் கெடைக்குதோ?"

தீர்த்தகிரி நிற்கவில்லை. டின்களுக்குள் குஞ்சுகள் தகரத்தை ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் கொஞ்சம் குறைந்தாலும் அவன் இன்னும் பலமாகத் தள்ளாடினான்.

ஏரியில் கருப்பண்ணன்தான் மூடியைத் திறந்தான். எல்லாம் உயிரோடிருந்தன. டின்னைச் சாய்த்ததும் அவை கரையோரத்து நிழலில் கலைந்து, பாறை இடுக்குப் பக்கமாக ஓடி மறைந்தன. "ஒண்ணுகூடச் சாகலை மாப்ளே" என்றான் கருப்பண்ணன்.

தீர்த்தகிரி ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தான். "ம்" என்றான். வெயில் ஏறுவதற்குள் மலையிறங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, காலி டின்களைத் தண்டில் மாட்டிக்கொண்டு கிளம்பினான்.